பஸ்ஸில் வந்த கோடிச் சேலை

செந்தில்வேல் இறந்துபோனதை ஒப்புக்கொள்ள அவன் குடும்பத்துக்கு இரண்டு ஆண்டும் நான்கு மாதமும் பிடித்தன. அவன் மனைவி அருணாசலவடிவு குங்குமம் விற்றதுதான் காரணம்.

திருச்செந்தூரில் கோயிலுக்குப் போகும் தெருவில் இருந்தது கடை. செந்தில்வேலின் அண்ணன் தளவாய்தான் முதலாளி. தேங்காய், பழம், சூடம், மாலை, குங்குமம் எல்லாம் அங்கே உண்டு. விடியுமுன் எழுந்து கடை பெருக்கி, பகல் முழுதும் பொட்டலம் மடித்து, பொழுது சாய்ந்ததும் வீட்டுக்குப் போய்ச் சமைத்தும் போடுகிற ஆள் தளவாய்க்கு வேறு எங்கே கிடைக்கும்? ஆனால் விதவை மடித்த குங்குமத்தை எந்தப் பக்தையும் தொடமாட்டாள். ஆகவே செந்தில்வேல் கடை வேலைக்குப் போயிருந்த ரங்கூனில் ஜப்பான்காரன் குண்டு போட்டு, நம் ஆட்கள் மலைவழியே நடந்து, பலர் பாதையிலேயே மாண்ட பிறகும், செந்தில்வேல் மட்டும் திருச்செந்தூரில் உயிரோடு இருந்தான். ஒரு சோதிடன் வந்து வைகாசியில் வருவான் என்றான். வைகாசி போனதும் ஆவணி என்றான். செந்தில்வேலின் தாய் சண்முகத்தாய் அதை முழுக்க நம்பினாள். பெற்றவள் நம்புவதில் குற்றமில்லை. நம்பாதவன் நம்பவைத்ததுதான் குற்றம்.

வடிவு குரும்பூர்ப் பக்கத்தவள். தாய் தகப்பன் ஒரே வாரத்தில் காலராவில் போக, சித்தப்பா வீட்டில் வளர்ந்தாள். பதினைந்து வயதில் கல்யாணம். மூன்றாம் ஆண்டு செந்தில்வேல் கப்பல் ஏறினான். அவனுடைய கடிதங்கள் எல்லாம் ஆறு வரி. ஐந்து வரி தாய்க்கு. ஆறாவது வரியில் ‘வடிவு சுகந்தானே’ என்று இருக்கும். அவன் முகம் அவளுக்கு மறந்துவிட்டது. காலையில் எழுந்தவுடன் இருமுவான் என்பது மட்டும் நினைவிருந்தது. இப்போது அவளுக்கு வயது இருபத்தொன்பது.

வன்னியபெருமாள் தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூருக்கு பஸ் ஓட்டினார். வயது முப்பத்தெட்டு. மனைவி ஆறு ஆண்டுகளுக்கு முன் பிரசவத்தில் இறந்துவிட்டாள், பிள்ளையும் தங்கவில்லை. யுத்தத்தில் பெட்ரோல் கிடைக்காததால் பஸ்ஸின் பின்னால் ஓர் இரும்புப் பீப்பாயைக் கட்டி, அதில் அடுப்புக்கரியை எரித்து, அந்தப் புகையில் வண்டியை ஓட்டிய காலம் அது. நின்றுவிட்டால் கரியை ஊதும் காற்றாடியின் கைப்பிடியைச் சுற்றோ சுற்றென்று சுற்ற வேண்டும். ஆறுமுகநேரி உப்பளத்தருகே அது நாள்தோறும் நின்றது. திருச்செந்தூரில் வண்டியை விட்டு இறங்கும்போது வன்னியபெருமாளிடம் வெள்ளையாக இருப்பது பல் மட்டுமே. இறங்கியதும் நேராகத் தளவாய் கடைக்கு வந்து ஒரு தேங்காய் வாங்குவார்.

“நேத்து வாங்குனத என்ன செஞ்சீக அண்ணாச்சி?” என்று ஒருநாள் வடிவு கேட்டாள்.

“ஒடைச்சேன்.”

“கோயில்லயா?”

“வீட்டுல. சட்னிக்கு.”

“முந்தாநாத்து?”

“அதுவும் சட்னிதான்.”

“இப்பிடியே போனா ஒங்களுக்குத் தலையில குடுமி மொளைச்சிரும். சாமிக்கு இல்லன்னா இங்கன எதுக்கு வாரீக? சந்தையில தேங்கா கெடைக்காதா?”

“கெடைக்கும். சந்தையில விக்கவன் இந்த மாதிரி ஏச மாட்டான்.”

வடிவு சிரித்துவிட்டாள். சிரித்துவிட்டு, கடைக்குள் தளவாய் இருக்கிறானா என்று திரும்பிப் பார்த்தாள். பதினொரு ஆண்டுகளாக அவளுக்கு அது பழகிப்போன ஒழுங்கு. முதலில் சிரிப்பு, உடனே திரும்பிப் பார்ப்பது.

தேங்காய்கள் இரண்டு மாதம் தொடர்ந்தன. ஒருநாள் தெருவில் ஆள் இல்லாத நேரம் பார்த்து வன்னியபெருமாள் கேட்டார்:

“ஒனக்கு மாப்பிள்ளை இருக்காரா இல்லையா?”

“காலையில கடை தொறக்கையில இருக்காரு. ராத்திரி படுக்கையில இல்ல.”

“வெளையாடாத, தாயி.”

“நான் வெளையாடல. என் மச்சினர்ட்ட கேளுங்க. செத்தாருன்னா கடையில யாரு இருக்க? உயிரோட இருக்காருன்னா எங்க இருக்காரு? ரெண்டுக்கும் பதில் சொல்ல மாட்டாக. எனக்கு ஒண்ணும் நடக்காது அண்ணாச்சி. தேங்காய எடுத்துக்கிட்டுப் போங்க.”

“எங்க ஊர்ல இது ஒரு காரியமே இல்ல” என்றார் அவர்.

அவருடைய ஊர் உடன்குடிக்கு அப்பால், செம்மணல் தேரிக்காட்டில். பனையேறுகிறவர்களின் ஊர். பனையேறுகிறவன் மரத்திலிருந்து விழுந்து சாவது அங்கே சாதாரணம். செத்தவனின் மனைவியை மூலையில் உட்காரவைத்தால் பதநீர் காய்ச்சுவது யார்? ஆகவே அந்த ஊர்ப் பெண்கள் பழைய தாலியை அறுத்துவிட்டு, வேறொருவனைக் கட்டிக்கொண்டார்கள். அறுத்துக் கட்டுவது என்று அதற்குப் பெயர். மேளம் இல்லை, ஐயர் இல்லை. நாலுபேர் முன்னால் அவன் ஒரு சேலையைக் கொடுப்பான், அவள் வாங்கிக்கொள்வாள். முடிந்தது. வன்னியபெருமாளின் தாயே அப்படி இரண்டாவதாகக் கட்டியவள்தான்.

“அது ஒங்க தேரியில. இங்கன வேற” என்றாள் வடிவு.

அவர் காதில் அது ஏறவில்லை. ஒரே சாதி, ஒரே மாவட்டம், இரண்டு ஊருக்கும் நடுவே பத்து மைல்கூட இல்லை. வழக்கம் மாறியிருக்கும் என்று எப்படி நினைப்பார்? ஆனால் மாறியிருந்தது. பனங்காட்டை விட்டு வந்து கடை வைத்தவர்கள், கொஞ்சம் தலை நிமிர்ந்ததும், இருபது ஆண்டுகளுக்கு முன் திருச்செந்தூரில் சங்கம் கூட்டித் தீர்மானம் போட்டார்கள்: இனி நம் பெண்கள் அறுத்துக் கட்டக் கூடாது. எவர்கள் இவர்களைக் கோயில் வாசலுக்கு வெளியே நிறுத்தி வைத்திருந்தார்களோ, அவர்களிடமிருந்தே அந்தக் கௌரவத்தைக் கடன் வாங்கினார்கள். மனிதன் உயர்ந்துவிட்டான் என்பதைக் காட்ட, அவன் வீட்டுப் பெண் தாழ்த்தப்பட வேண்டும். எந்த மூளை கண்டுபிடித்த கணக்கு இது என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டியவர்கள் அந்தக் கூட்டத்துக்குள் விடப்படவில்லை.

ஆனி மாதம் ஒருநாள் பஸ் வழக்கம்போல் உப்பளத்தருகே நின்றது. கைப்பிடி சுற்ற உதவிக்கு வந்த ஓர் உப்பளக் கூலிக்கு இடதுகால் சரியில்லை.

“காலுக்கு என்ன?” என்று வன்னியபெருமாள் பேச்சுக்குக் கேட்டார்.

“பர்மாவுலேர்ந்து நடந்தே வந்தேன். வெள்ளைக்காரனுக்குக் கப்பலு, நமக்கு மலை. பாதி கால அங்கனயே விட்டுட்டேன்.”

அந்த ஆளின் பெயர் அய்யாக்குட்டி. ரங்கூனில் எந்தக் கடை என்று கேட்டார். கடையின் பெயரைக் கேட்டதும் வன்னியபெருமாள் சுற்றுவதை நிறுத்தினார். செந்தில்வேல் வேலை பார்த்ததாக வடிவு சொல்லியிருந்த அதே கடை. செந்தில்வேலைத் தெரியுமா என்றார்.

“செந்தில்வேலா? மலையேறின நாலாம் நாளு வயித்தால போச்சு அவனுக்கு. அன்னிக்குச் சாயங்காலமே முடிஞ்சிட்டு. எலை தழைய வெட்டி நாந்தான் மூடிட்டு வந்தேன்.”

“அவுக வீட்டுல சொல்லலியா வே?”

“சொல்லாம இருப்பனா? ஊர் வந்த மறுநாளே அவன் அண்ணங்கிட்ட சொன்னேன். ரெண்டு வருசம் ஆச்சே. ‘அம்மைக்கு நெஞ்சுவலி, இத வெளிய விடாத’ன்னு கைய புடிச்சுக் கெஞ்சுனாரு. நானும் பாவம்னு விட்டுட்டேன்.”

வன்னியபெருமாள் நல்லவர், ஆனால் நல்லவர்கள் செய்கிற அவசரத்தைச் செய்தார். உண்மை வெளியே வந்தால் வடிவு விடுதலையாகிவிடுவாள் என்று நினைத்தார். அவளிடம் ஒரு சொல் கேட்கவில்லை. மறுநாள் காலை அய்யாக்குட்டியை பஸ்ஸில் ஏற்றிக் கடை வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார். வெள்ளிக்கிழமை. வாசல் நிறையக் கூட்டம்.

“தளவாய் அண்ணாச்சி, இவரத் தெரியுதா?”

தளவாயின் முகம் போன போக்கிலேயே பாதிப் பேருக்கு விஷயம் விளங்கிவிட்டது. மீதியை அய்யாக்குட்டி சொன்னான். சொல்லி முடிக்கவில்லை, அதற்குள், அப்போதுதான் குங்குமம் வாங்கிய ஒரு பெண் பொட்டலத்தைக் கடைப் பலகையில் திரும்பப் போட்டாள். இன்னொருத்தி போட்டாள். வடிவின் முன்னால் பொட்டலங்கள் குவிந்தன. அவள் கையால் காலையில் மடித்தவை.

கால் மணி நேரத்தில் உறவுப் பெண்கள் வந்தார்கள். அவளைக் கையைப் பிடித்து வீட்டுக்கு இழுத்துப் போனார்கள். வளையலை உடைத்தார்கள், தாலியை அறுத்தார்கள். பதினொரு ஆண்டுகளாகப் பார்க்காத ஒருவனுக்காக அழச் சொன்னார்கள். அவள் அழவில்லை என்று அதற்கும் ஏசினார்கள்.

வன்னியபெருமாள் வீட்டு வாசல்வரை போனார். தளவாய் மறித்தான்.

“இங்கன என்ன வேல?”

“சாவு தெரிஞ்சிட்டு. இனி அவ விருப்பத்தக் கேளுங்க. நான் கட்டிக்கிடுதேன்.”

“கட்டிக்கிடுதியா? எலே, நாங்க என்ன தேரிக்காட்டு ஆளுகளா? எங்க வீட்டுப் பொம்பள அறுத்துக் கட்ட மாட்டா. சங்கத்துத் தீர்மானம் இருக்கு. போய் ஒன் கரி வண்டிய ஓட்டு.”

அப்போதுதான் அந்த மனிதருக்குத் தாம் செய்தது விளங்கியது. நேற்றுவரை அவள் ஒரு பொய்க்கு மனைவியாக இருந்தாள். பொய் அவளை வெயிலில் உட்கார வைத்தது. ஆனாலும் நாலு மனிதர்களோடு பேச விட்டது. அவர் கொண்டுவந்த உண்மை அவளை இருட்டு மூலைக்கு அனுப்பிவிட்டது. உண்மை மட்டும் போதாது. அதைக் கேட்கிறவர்களுக்கு மனம் வேண்டும்; அது இல்லாத இடத்தில் உண்மையும் ஓர் ஆயுதமாகத்தான் பயன்படும்.

பதினாறாம் நாள் சடங்கில் விதவைக்குப் பிறந்த வீட்டார் கோடிச் சேலை கொண்டுவந்து போட வேண்டும். வெள்ளைச் சேலை. அதை உடுத்திக்கொண்டால் பிறகு உயிர் போகும்வரை வெள்ளைதான். வடிவுக்குப் பிறந்த வீடு என்று சொல்ல அந்தச் சித்தப்பா ஒருவர். நேரில் போனால் ‘இவளையும் கூட்டிக்கொண்டு போ’ என்பார்களோ என்று அவருக்குப் பயம். ஆகவே சேலையைத் தாளில் சுற்றி, நூல் கட்டி, முகவரி எழுதி, தூத்துக்குடிச் சாலைக்கு வந்து காலை பஸ்ஸில் கொடுத்தனுப்பினார். அந்தக் காலத்தில் மருந்து, மாங்காய், கல்யாணப் பத்திரிகை எல்லாமே டிரைவர் கையில்தான் போகும். எந்த டிரைவர் என்று அவர் கேட்கவில்லை.

பொட்டலத்தின் மேல் தளவாய் வீட்டு முகவரியைப் பார்த்ததும் வன்னியபெருமாளுக்கு அது என்னவென்று தெரிந்துவிட்டது. வழியில் எறிந்துவிடலாமா என்று நினைத்தார். எறிந்தால் இன்னொன்று வாங்கிப் போடுவார்கள். ஆறுமுகநேரியில் வண்டி நின்றபோது அவர் இறங்கவேயில்லை. பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பயணிகளே கைப்பிடியைச் சுற்றினார்கள்.

தளவாய் வீட்டு முற்றத்தில் ஐம்பது பேர் இருந்தார்கள். நடுவே ஒரு மணையில் வடிவு. கோடிக்காகக் காத்திருந்தார்கள்.

“வந்திட்டா? அங்கன தரையில வச்சிட்டுப் போ” என்றான் தளவாய்.

வன்னியபெருமாள் கீழே வைக்கவில்லை. அதை அவள் காலடியில் போட அவருக்கு மனம் வரவில்லை. குனிந்து, அவள் கையில் கொடுத்தார்.

“என்னைய மன்னிச்சிரு” என்றார்.

வடிவு நூலை அவிழ்த்தாள். சேலையை எடுத்து மடியில் விரித்துப் பார்த்தாள். முரட்டுத் துணி. பிறகு தலை நிமிர்ந்து, எல்லோருக்கும் கேட்கும்படி கேட்டாள்:

“ஒங்க ஊர்ல ஆம்பள ஒருத்தன் நாலுபேர் முன்னால பொம்பளை கையில சேலையக் குடுத்தா என்ன அர்த்தம்?”

அவர் விழித்தார். “கல்யாணம்னு அர்த்தம்.”

“அப்ப நான் வாங்கிக்கிட்டேன். இங்கன நாலுபேருக்கு மேலயே இருக்காக.”

 முற்றத்தில் எல்லோரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள்.

“அது சாவுக் கோடிளா! ஒன் சித்தப்பன் அனுப்புனது! இவன் சும்மா சொமந்துட்டு வந்தவன்!” என்று ஒருத்தி தலையில் அடித்துக்கொண்டாள்.

“சித்தப்பா வரலியே. குடுத்தது இவரு.”

“வெள்ளையிலயா கல்யாணம்?”

“தூத்துக்குடிச் சர்ச்சுல வேதக்காரப் பிள்ளைக எல்லாம் வெள்ளையிலதான கட்டிக்கிடுது? அவுக நல்லாத்தான இருக்காக?”

“சங்கத்துத் தீர்மானம்...” என்று தொடங்கினான் தளவாய்.

“சங்கத்துல நான் எப்ப இருந்தேன்? அன்னிக்குப் பொம்பளை யாரையாவது உள்ள விட்டீகளா? விட்டிருந்தா நானும் கை தூக்கியிருப்பேன், வேண்டாம்னு.”

தளவாய் அவள் கையைப் பிடிக்கப் பாய்ந்தான். குறுக்கே வந்தது சண்முகத்தாய். பதினாறு நாளாக எழுந்திருக்காதவள் எழுந்து நின்றாள்.

“விடுலே அவள. ரெண்டு வருசமா எம்பிள்ளைக்கு ஒரு வாய் தண்ணி எறைக்க விடாம மறைச்ச பய நீ. செத்தவனத்தான் மறைச்ச. இவ பொழைக்கதையுமா மறிக்கப் போற?” வடிவைப் பார்த்து அவள் ஆசி ஒன்றும் சொல்லவில்லை. “போ” என்று மட்டும் சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

கதைகளில் இந்த இடத்தில் குதிரை பாய்ந்துவிடும். இங்கே இருந்தது கரி பஸ். வடிவு அந்தச் சேலையை மேலே சுற்றிக்கொண்டு வந்து ஏறி உட்கார்ந்தாள். நெருப்பு அணைந்து போயிருந்தது. வன்னியபெருமாள் கைப்பிடியைச் சுற்றினார். அரை மணி சுற்றினார். சாவு வீட்டுக் கூட்டம் முழுவதும் வண்டியைச் சுற்றி நின்று ஏசியது. ஏசி ஏசி அவர்களுக்கே தொண்டை வறண்டு, ஒருவன் “காத்து சந்து வழியா போவுது வே, மூடிய இறுக்கும்” என்று யோசனை சொன்னான். வடிவு இறங்கி வந்து கைப்பிடியின் மறுபக்கத்தைப் பிடித்துச் சுற்றினாள். கிளம்புவதற்குள் அவளுடைய வெள்ளைச் சேலையில் வெள்ளை கொஞ்சம்தான் மிச்சம் இருந்தது.

ஏற வந்த பயணிகள் அவளைப் பார்த்ததும் பின்வாங்கினார்கள். பதினாறாம் நாள் விதவை முகத்தில் விழித்துவிட்டு யார் பயணம் போவார்கள்? முப்பது பேர் ஏறும் வண்டி இரண்டு பேரோடு தூத்துக்குடிக்குப் போனது. ஆளில்லாத வண்டிக்குக் கரி எரித்த குற்றத்துக்காக மறுநாள் முதலாளி வன்னியபெருமாளை வேலையை விட்டு நீக்கினார்.

தூத்துக்குடியில் ஒரு சீர்திருத்தச் சங்கம் இருந்தது. விதவை மறுமணம் பற்றி அதன் தலைவர் இரண்டு மணி நேரம் பேசுவார், நன்றாகவே பேசுவார். இருவரும் அவரிடம் போனார்கள். மேடையில் ஒரு வார்த்தை சொல்லி மாலை மாற்றிவைத்தால் போதும் என்றார்கள். அவர் மகிழ்ந்தார், பாராட்டினார், பிறகு யோசித்தார். “தாலி அறுத்துப் பதினாறு நாள்தானே ஆகிறது? ஓராண்டு போகட்டும். ஊர் ஒரு மாதிரி பேசும்” என்றார். அவரும் கடைக்காரர்தான்.

வாடகைக்கு வீடு கேட்ட இடமெல்லாம் வடிவின் வெறுங்கழுத்தைத்தான் முதலில் பார்த்தார்கள். கடைசியில் கடற்கரைச் சந்தில் பிலோமி என்ற மீனவப் பெண் ஓர் அறையைக் கொடுத்தாள். அவளும் புருஷனைக் கடலுக்குக் கொடுத்தவள். “எங்க சர்ச்சுச் சாமியார்ட்ட கேட்டா வேண்டாம்பாரு. அதனால கேக்கல. ஆனா வாடகை ஒம் பேர்லதான். ஆம்பளைகள நான் நம்புதது இல்ல” என்று வடிவிடம் சொன்னாள்.

எந்த பஸ் முதலாளியும் வன்னியபெருமாளைச் சேர்க்கவில்லை. கொழும்புக்குப் போகும் தோணிகளில் வெங்காய மூட்டை ஏற்றினார். வடிவு துறைமுகக் கூலிகளுக்கு அவித்த கிழங்கு விற்றாள். பாதி நாள் இருவருக்கும் அதே கிழங்குதான் சாப்பாடு. அரிசிக்கு ரேஷன் அட்டை வேண்டும்.

அட்டை எழுதிய குமாஸ்தா ஜேசுபாதம் கெட்டவர் அல்ல. “கோயில் ரசீது, சர்ச் கடிதம், சங்கத்துச் சீட்டு, ஏதாவது ஒண்ணு வேணும். இல்லாம மனைவின்னு எழுதுனா என் வேல போயிரும்” என்றார். பின்னால் நீண்ட வரிசை முணுமுணுத்தது. அவர் குரலைத் தாழ்த்தினார். “ஒரு வழி இருக்கு. தலைவர் வன்னியபெருமாள், கூட இருக்கது வேலைக்காரின்னு போட்டா யாரும் கேக்க மாட்டாங்க. ரெண்டு பேருக்கும் அரிசி வரும்.”

வன்னியபெருமாள் வரிசையை விட்டு விலகினார். “அரிசியும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம். வாளா போவோம்.”

வடிவு நகரவில்லை. “ஐயா, விதவைக்கு அட்டை உண்டா?”

“உண்டு.”

“நான் விதவை. ஒரு ஊரே கூடி ஆக்கிவச்சிருக்கு. சந்தேகம்னா திருச்செந்தூர்ல கேட்டுக்கிடுங்க. வீடும் எம் பேர்லதான் இருக்கு. எழுதுங்க: குடும்பத் தலைவர் அருணாசலவடிவு. வேலைக்காரர் வன்னியபெருமாள்.”

வரிசையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். ஜேசுபாதமும் சிரிப்பை அடக்கிக்கொண்டு, “இவரு என்ன வேல பாப்பாரு?” என்றார்.

“தண்ணி எடுப்பாரு. பாத்திரம் தேய்ப்பாரு. பஸ்ஸு ஓட்டுவாரு, யாராவது பஸ்ஸு குடுத்தா.”

வன்னியபெருமாள் எதிரே இருந்த சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். “சம்பளம் உண்டான்னு கேளுங்க” என்றார் கடைசியில்.

அட்டை அப்படியே எழுதப்பட்டது. யுத்தம் முடிந்தது. நாட்டுக்குச் சுதந்திரம் வந்தது. அட்டையைப் புதுப்பிக்க ஒவ்வொரு முறை போனபோதும் ‘மனைவி’ என்று மாற்றச் சொல்லி இருவரும் கேட்டார்கள். ஒவ்வொரு முறையும் சான்று கேட்டார்கள். அவர்களுக்குச் சான்று கொடுக்க ஒரு கோயிலோ, ஒரு சங்கமோ, ஒரு சர்க்காரோ இந்த நாட்டில் இருக்கவில்லை. நான்காம் முறை ஜேசுபாதம் நரைத்த தலையோடு அட்டையைத் திருப்பிப் பார்த்தார்.

“இன்னுமா நீரு வேலைக்காரரு?”

“என்ன செய்ய?” என்றார் வன்னியபெருமாள். “வேற வேல ஒண்ணும் கெடைக்கலியே.”